மஞ்சள் அட்டை யாரிடம்?

போன மாதம் ஹரிணி என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்த இளையர் பயிற்சி நிலையத்தில் இப்போது அவள் பயிற்றுநர். நிலையம் வேறு கட்டடத்துக்கு மாறுகிறது. பழைய கோப்புகளைப் பிரித்துப் பார்த்து வேண்டாததைக் கழிக்கும் வேலை அவள் தலையில் விழுந்திருக்கிறது. படத்தில் இருந்தது உள்ளங்கை அளவில் ஒரு மஞ்சள் அட்டை. அதில் என் கையெழுத்து. கீழே, "மிஸ், செம ஐடியா லா இது. ஏன் நிப்பாட்டிட்டீங்க? திரும்பக் கொண்டு வரலாமா?" என்று கேட்டிருந்தாள்.

வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். ஏன் என்றாள். எழுதித் தருகிறேன் என்றேன். பாவம், அரைப் பக்கம் வரும் என்று நினைத்திருப்பாள். ஓய்வு பெற்றவளிடம் ஏன் என்று கேட்டால் இப்படித்தான் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

என் வேலைக்குத் தலைமைத்துவப் பயிற்சி அதிகாரி என்று பெயர். அது என்ன வேலை என்று என் அம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாராவது விசாரித்தால், "பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போயி வெயில்ல நடக்க வைப்பா" என்று சொல்லிவிடுவார். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஆனால் அதைவிடச் சரியாக என் வேலையைச் சொன்னவர் எவருமில்லை.

அதற்கு முன் சில ஆண்டுகள் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தேன். நிலையத்தில் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகளில் கயிறு கட்டவும், முதலுதவி செய்யவும், பதினேழு வயதுப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து மனம்விட்டுப் பேசவைக்கவும் கற்றுக்கொண்டேன். இதில் மூன்றாவதுதான் கடினம். மற்றதைச் சொல்லி உங்களை அறுக்க விரும்பவில்லை.

எனக்கு உண்மையில் தொழில் சொல்லிக்கொடுத்தது ஒரு தாள். அதை வடிவமைத்தவர் எங்கள் தலைமைப் பயிற்றுநர் மிஸ்டர் ஞானமுத்து. தாளை நடுவில் ஒரு கோடு பிரிக்கும். இடப்பக்கம் 'கண்டது', வலப்பக்கம் 'கருதியது'. குழுவின் பின்னால் பத்தடி தள்ளி வாயைத் திறக்காமல் நடக்க வேண்டும். கண்ணால் கண்டதை மட்டும் இடப்பக்கம் எழுத வேண்டும். அதைப் பற்றி நமக்குத் தோன்றுவதெல்லாம் வலப்பக்கம். கேட்கச் சுலபமாக இருக்கும். நான் எழுதிய முதல் தாளில் ஒரு பையனைப் பற்றி இடப்பக்கத்தில் 'சோம்பேறி' என்று போட்டிருந்தேன். மிஸ்டர் ஞானமுத்து அந்தச் சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது எங்க தெரிஞ்சுச்சு, மூக்குலயா?" என்று மட்டும் கேட்டார். பையன் இரண்டு முறை உட்கார்ந்தான் என்று திருத்தி எழுதினேன். அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பயிற்சிக்கு வரும் பதினாறு வயதுப் பிள்ளைகளைக்கூட 'நீங்க' என்றுதான் அழைப்பார். எங்களுக்குத்தான் 'நீ'. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைத்து முடியும்வரை யாரும் வாய் திறக்க மாட்டோம். சில நாள் அந்தக் கண்ணாடி தேய்ந்துவிடுமோ என்று தோன்றும்.

பயிற்சி ஐந்து நாள். பள்ளி விடுமுறையில் நடக்கும். தொடக்கக் கல்லூரி, தொழிற்கல்வி, பலதுறைக் கல்லூரி என்று பல இடங்களிலிருந்து இந்திய இளையர் வருவார்கள். பத்துப் பேர் ஒரு குழு. தினமும் ஒருவர் நாள் தலைவர். அன்றைய வேலையைக் குழு செய்து முடிக்க அவர்தான் பொறுப்பு. மாலையில் வட்டமாக உட்கார்ந்து, நடந்ததைப் பற்றிப் பேசுவோம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. நம் பிள்ளைகள் ரொம்ப மரியாதையானவர்கள். இது பயிற்சி, மிஸ் பின்னால் எழுதிக்கொண்டு வருகிறார் என்று தெரிந்துவிட்டால், நாள் தலைவர் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டே போவார்கள். எல்லாரும் தலையாட்டும் இடத்தில் யார் வேண்டுமானாலும் தலைவர் ஆகலாம். எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. அப்போது நான் கண்டுபிடித்ததுதான் மஞ்சள் அட்டை.

காலையில் குழுவில் ஒருவரிடம் மட்டும், மற்றவர்களுக்குத் தெரியாமல், ஓர் அட்டையைக் கொடுத்துவிடுவோம். அதில் இப்படி எழுதியிருக்கும்: 'இன்று நீங்கள் ஒத்துழைக்கக் கூடாது. ஏதாவது காரணம் சொல்லி மறுக்க வேண்டும். நாள் தலைவர் உங்களை உண்மையாகவே சமாதானப்படுத்தினால் மட்டும் இணங்குங்கள். மாலைவரை யாரிடமும் சொல்லாதீர்கள்.' மாலை வட்டத்தில் அட்டைக்காரர் எழுந்து அதை எடுத்துக் காட்டுவார். அந்த நேரம் கூடம் அதிரும். விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அடப்பாவி என்று முதுகில் குத்துவார்கள். நாள் தலைவர் தலையில் கைவைத்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் அவர்கள் மனம்விட்டுப் பேசவே தொடங்குவார்கள்.

மிஸ்டர் ஞானமுத்து இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஒரு விதியையும் சேர்த்தார். அட்டை யாரிடம் இருக்கிறது என்று குழுவின் பின்னால் நடக்கும் பயிற்றுநருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் அங்கேயே போகும், தாள் கோணலாகிவிடும் என்றார். அதனால் என் குழுவுக்கான அட்டையை என் சகா சுலைமான் கொடுப்பார். அவருடைய குழுவுக்கு நான் கொடுப்பேன்.

அட்டை ஆறு ஆண்டு ஓடியது. மற்ற நிலையங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பயிற்றுநர் கூட்டங்களில் என்னைப் பேச அழைத்தார்கள். நானும் தலைகால் புரியாமல்தான் திரிந்தேன். அதை மறைக்க ஒன்றுமில்லை.

ஒரு விஷயத்தை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. முதல் நாள் மாலையே அட்டை வெளிச்சத்துக்கு வந்துவிடும். இரண்டாம் நாளிலிருந்து குழுவில் எல்லாருக்கும் அதுதான் விளையாட்டு. யாராவது கால் வலிக்கிறது என்றால், "கார்டு உங்கிட்டயா?" என்று கேட்பார்கள். அட்டைக்காரர் எல்லாரும் தப்பாமல் சொல்லும் ஒரு சொல் உண்டு: 'நிஜமா'. நிஜமா வலிக்குது, நிஜமா பசிக்குது. அதைக் கேட்டாலே குழு சிரித்துவிடும். பத்தடி பின்னால் நானும் சிரிப்பேன். பிள்ளைகள் கூர்மையாகிவிட்டார்கள் என்று நினைத்தோம்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். அந்தப் பெண் முழுக்கத் தேறி, படித்து முடித்து, நன்றாக இருக்கிறாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவர்களை மிரட்டும் எண்ணம் எனக்கு இல்லை.

அவள் பெயர் தேவகி. பதினேழு வயது. தொழிற்கல்வி படித்துக்கொண்டிருந்தாள். வீடு புக்கிட் பாஞ்சாங்கில். வட்டத்தில் உட்கார்ந்தால் கடைசி ஆளாக, கேட்டால் மட்டும், ஒரு வாக்கியம் பேசுவாள். மற்ற நேரத்தில் கைதான் பேசும். யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவியிருப்பாள், கூடாரத்தை மடித்திருப்பாள். அன்றைய நாள் தலைவர் பிரவின். தொடக்கக் கல்லூரி மாணவன், பட்டிமன்றப் பேச்சாளன். கெட்டிக்காரன், அது தனக்குத் தெரிந்த கெட்டிக்காரன். ஆனால் மறுப்பவரைச் சமாதானப்படுத்தும் வழி என்று முன்தினம் நான் சொல்லிக்கொடுத்ததைக் கண்ணும் கருத்துமாக எழுதி வைத்துக்கொண்டவனும் அவன்தான்.

மூன்றாம் நாள் வேலை இது. தேக்கா சந்தையில் அரிசி, எண்ணெய், வெங்காயம், பருப்பு வாங்கி, தோ பாயோவில் தனியாக வாழும் மூன்று முதியவர்களின் வீட்டில் மதியத்துக்குள் சேர்க்க வேண்டும். பேருந்து, எம்ஆர்டி ரயில், தள்ளுவண்டி எதுவும் கூடாது. தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். காலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. நாங்கள் கிளம்பும்போது வெயில் ஏறி, சிராங்கூன் சாலை முழுக்க ஆவி கிளம்பியது. பூக்கடைகளைத் தாண்டுவதற்குள் எல்லார் சட்டையும் முதுகில் ஒட்டிக்கொண்டது.

பிரவின் நன்றாகத்தான் திட்டமிட்டிருந்தான். அரிசி மூட்டை மூன்று. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். தேவகியிடமிருந்து வாங்க வேண்டியவள் மெலிந்த ஒரு பெண். தேவகி அவளைப் பார்த்துவிட்டு மூட்டையைக் கொடுக்காமலே நடந்தாள். அடுத்த முறையும் அப்படியே. 'தன் முறை முடிந்தும் மூட்டையை இறக்கவில்லை, இரண்டு தடவை' என்று இடப்பக்கம் எழுதினேன். வலப்பக்கம் 'பொறுப்புணர்வு' என்று எழுதினேன்.

பாலஸ்டியர் சாலையில் விளக்குக் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில், தேவகி மூட்டையைப் பொத்தென்று கீழே போட்டாள். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். தலை வலிக்கிறது, நான் வரவில்லை என்றாள்.  உடனே பின்னாலிருந்து ஒரு பையன், "ஆ, வந்துடுச்சு கார்டு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மூன்று நாளாக வாய் திறக்காதவளுக்குப் போய் அட்டை கொடுத்திருக்கிறார் சுலைமான், நல்ல தேர்வு என்று நான் நினைத்துக்கொண்டேன். இடப்பக்கத்தில் 'மறுப்பு' என்று எழுதி எண்ணிக்கைக்கு ஒரு கோடு போட்டேன்.

பிரவின் அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தான். நின்றுகொண்டு பேசாதே, எதிராளியின் கண் மட்டத்துக்கு இறங்கு என்பது என் பாடம். என்ன கஷ்டம் என்று மெதுவாகக் கேட்டான். தேவகி அவன்மேல் எரிந்து விழுந்தாள். உனக்கென்ன, நீ பேசிக்கொண்டே வருகிறாய், தூக்கியது நான் என்றாள். அவளிடமிருந்து அப்படி ஒரு பேச்சை யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "மிஸ், சூப்பர் ஆக்டிங்" என்று உதட்டசைவில் சொன்னாள். நான் இரண்டாவது கோட்டைப் போட்டேன்.

பிறகு தேவகி எழுந்து நின்றாள். வீட்டுக்குப் போகிறேன், எம்ஆர்டி எந்தப் பக்கம் என்று கேட்டாள். ஒரு கடையின் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். மூன்றாவது கோடு. பிரவின் அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் கையை உதறிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"நிஜமா முடியல."

நாலாவது கோடு. இந்தத் தடவை குழுவில் எல்லாரும் சிரிக்கவில்லை என்று பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பிரவின் என்னுடைய கடைசிப் பாடத்தை எடுத்தான். பெரிய தூரத்தைச் சொல்லி மிரட்டாதே, சிறிய தூரத்தைக் காட்டு. "அந்த சிக்னல் வரைக்கும் மட்டும் வா தேவகி. மூட்டைய நான் தூக்கிக்கிறேன். அங்க போயும் முடியலன்னா நாம எல்லாருமே உட்காந்துடலாம்" என்றான். குரலில் அவ்வளவு கனிவு. அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தாள். நடந்தாள். குழு கைதட்டியது. நான் இடப்பக்கத்தில் எழுதியது இது: 'பங்கேற்பாளர் பாத்திரத்தை நன்றாகச் செய்கிறார். நாள் தலைவர் மிகச் சிறப்பு.'

சிக்னலுக்கு இரண்டு எட்டு இருக்கும்போது கால் பின்னி விழுந்தாள். அப்போதும் யாரோ கைதட்டினார்கள்.

கொஞ்சம் அதிகமாகவே நடிக்கிறாளே என்று எனக்குத் தோன்றியது. ஒரு வினாடியோ இரண்டு வினாடியோ. அதை இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன். பிறகு ஓடினேன். அவள் நெற்றியில் கை வைத்தபோது கொதிக்கும் இட்லிப் பானையின் மூடியைத் தொட்டதுபோல் இருந்தது. கூப்பிட்டால் கண் திறந்தாள், ஆனால் என்னை யாரென்று தெரியவில்லை.

நாலு பேராகத் தூக்கி அருகிலிருந்த காப்பிக் கடைக்குள் கொண்டுபோய்க் கிடத்தினோம். அவசர வண்டிக்கு நானே போன் செய்தேன். பானக் கடைச் சீன அம்மா எதுவும் கேட்கவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து வாளி வாளியாக அள்ளிக் கொட்டினார். கழுத்தில், அக்குளில், இடுப்பில் ஐஸை வைத்துத் துணியால் சுற்றினேன். விசிறிகளை எல்லாம் எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்த ஐஸ்தான் அவளைக் காப்பாற்றியது என்று மருத்துவர் பிறகு சொன்னார். வண்டி வந்து அவளை ஏற்றும்போது திரும்பிப் பார்த்தேன். பிரவின் அரிசி மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றுகொண்டிருந்தான்.

வண்டியில் உட்கார்ந்து சுலைமானுக்குப் போன் செய்தேன். அவர் சொன்னது இதுதான். அட்டை தேவகியிடம் இல்லை. வேறொரு பையனிடம் இருந்தது. எல்லாரும் களைத்துப்போயிருக்கிறார்களே, இன்னும் ஏன் தொல்லை கொடுக்க வேண்டும் என்று இரக்கப்பட்டு அவன் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டான். தேவகி உட்கார்ந்தபோது, தன்னைப் போல் இன்னொருவருக்கும் கொடுத்திருக்கிறார்கள்போலும் என்று நினைத்ததாக அவன் பிறகு சொன்னான்.

வெப்பத் தாக்கு. சிறுநீரகம்வரை பாதித்திருந்தது. முதல் இரண்டு நாள் உயிருக்கு உத்தரவாதம் சொல்ல மாட்டோம் என்றார்கள். பெற்றோரைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. மூன்றாம் நாள் காலை ஆபத்தைத் தாண்டிவிட்டாள் என்று செய்தி வந்தது. நான் அலுவலகக் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அன்று பிற்பகலே நிர்வாகத்திலிருந்து அறிக்கையின் முதல் வரைவு வந்தது. எங்கள் கையேட்டில் ஒரு விதி உண்டு. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நாள் தலைவர் நடையை நிறுத்திப் பயிற்றுநரிடம் தெரிவிக்க வேண்டும். நாள் தலைவர் அப்படித் தெரிவிக்கவில்லை, அதுவே காரணம் என்று வரைவில் இருந்தது. பிரவினைப் பயிற்சியிலிருந்து விலக்கி அவனுடைய கல்லூரிக்குக் கடிதம் அனுப்பலாம் என்று பரிந்துரை. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. என் பெயர் முதலுதவி செய்தவர் என்று நல்லவிதமாக ஓரிடத்தில் வந்தது. அதை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது. அன்று முழுக்க அதைப் பற்றி நான் யாரிடமும் எதுவும் பேசவில்லை.

மறுநாள் மிஸ்டர் ஞானமுத்து பிரவினை வரச்சொன்னார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அறிக்கையைப் பற்றி அவனிடம் எதுவும் சொல்லவில்லை. "நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க பிரவின், அவசரமில்ல" என்றார். அவன் தேக்காவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தெருவாகச் சொன்னான். பட்டிமன்றக் குரல் எங்கோ போயிருந்தது. நாலாவது தடவை தேவகி முடியவில்லை என்று சொன்னபோது தனக்குச் சந்தேகம் வந்தது என்றான். அவள் உதடு வெளுத்திருந்தது, நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன் என்றான்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார் மிஸ்டர் ஞானமுத்து.

அவன் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "திரும்பி மிஸ்ஸப் பாத்தேன் சார். மிஸ் சிரிச்சாங்க. சரி, நல்லாதான் போகுதுன்னு நெனச்சேன்."

எனக்கு அது நினைவில்லை. இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. ஆனால் சிரித்திருப்பேன். என் பாடத்தை ஒரு பிள்ளை சரியாகச் செய்யும்போது சிரிக்கும் வழக்கம் எனக்கு உண்டு.

பிரவினை அனுப்பிவிட்டு அவர் என் தாளைக் கேட்டார். கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார் என்று காத்திருந்தேன். துடைக்கவில்லை. இடப்பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்து, 'பாத்திரத்தை நன்றாகச் செய்கிறார்' என்ற வரியில் பென்சிலை வைத்தார். வட்டம் போடவில்லை.  நான் சாக்குச் சொல்ல ஆரம்பித்தேன். விதிப்படி எனக்கு அட்டை யாரிடம் என்று தெரியாதே என்றேன். ஆமாம், அந்த விதியைப் போட்டது நான்தான் என்றார்.

பிறகு வரைவை எடுத்துப் பிரவினின் பெயர் வந்த இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கோடு கிழித்து அடித்தார். "ரூல் நான் போட்டது. கார்டு நீ கொண்டாந்தது. இதுல அந்தப் பிள்ள பேரு எதுக்கு?" என்றார். மேலே தன் பெயரை எழுதினார். அடுத்து என்னைப் பார்த்தார். பென்சிலை என் பக்கம் நகர்த்தினார். என் பெயரை நானே எழுதினேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நடக்க வேண்டியதுதான். மஞ்சள் அட்டையை அந்த வாரமே நிறுத்தினோம். என்னை ஓராண்டு வெளிக்களத்துக்கு அனுப்பவில்லை, கூடாரங்களையும் கயிறுகளையும் பராமரிக்கும் அறையில் வைத்தார்கள். வரவிருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. மிஸ்டர் ஞானமுத்து தனக்கு என்ன நடந்தது என்று எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிரவின் அடுத்த முகாமுக்கு வந்து பயிற்சியை முடித்தான். நாள் தலைவராக மட்டும் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். யாரும் அவனைச் சமாதானப்படுத்த முயலவில்லை.

ஹரிணி, இது வரைக்கும் எழுதியதெல்லாம் கோப்பிலேயே இருக்கும். தேடினால் உனக்கே கிடைத்திருக்கும். கோப்பில் இல்லாதது ஒன்று இருக்கிறது. அது, அவள் விழுந்த ஐந்தாம் நாள் நான் மருத்துவமனைக்குப் போனது.

அன்றுதான் மற்றவர்களை உள்ளே விட்டார்கள். நான் போகும் வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பயிற்றுநர் இல்லையா, வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்திருந்தேன். தேவகி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசிக் குழாய். முகம் பாதியாகியிருந்தது. அவளுடைய அம்மா மைலோ ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டு, "உட்காருங்க மிஸ், வெயில்ல வந்திருப்பீங்க" என்றார். உட்கார எனக்குக் கூசியது.

நான் வாயைத் திறப்பதற்குள் தேவகி மன்னிப்புக் கேட்டுவிட்டாள். பாதியில் விட்டுவிட்டேன், என்னால் குழுவுக்குக் கெட்ட பெயர் என்றாள். அரிசி அந்தத் தாத்தா பாட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று விசாரித்தாள். மறுநாளே சுலைமான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார் என்றேன். நல்லது என்றாள். கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்க நினைக்கிறாள் என்று தெரிந்தது. கேள் என்றேன்.

"ஃபீட்பேக் சொல்லுங்க மிஸ். நான் அத வேற எப்படிச் சொல்லியிருக்கணும்?"

முதலில் எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். தனக்கு எப்போதும் பேச வராது. பிரவினைப் போலத் தெளிவாகப் பேசியிருந்தால் எல்லாரும் புரிந்துகொண்டிருப்பார்கள். தான் கோபப்பட்டுக் கத்தியது தப்பு. நினைவு திரும்பியதிலிருந்து படுத்துக்கொண்டு இதைத்தான் யோசித்தாளாம். எந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள் என்று.

 அவளுடைய அம்மா மைலோ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"நீ சரியாத்தான்மா சொன்ன" என்றேன். "நாலு தடவ சொன்ன."

"நாலா மிஸ்? எனக்கு ஞாபகமே இல்ல."

"நாலுதான். நான் எண்ணி எழுதியிருக்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அவளிடம் கோபம் இல்லை. வகுப்பில் ஒரு விடையைச் சரிபார்த்துக்கொள்ளும் பிள்ளையின் முகம்தான் இருந்தது.

"அப்ப உங்களுக்குக் கேட்டுச்சு" என்றாள்.

கேட்டதம்மா என்றேன்.